கிளைக் கடையும் அதன் ஊரும்: பிரான்சைஸ் நடத்துபவர் குளுவாங்கில் செய்யக்கூடியவை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள குளுவாங்கில் ஒரு பிரான்சைஸ் கடை திறந்தால் வாடிக்கையாளர் வருகிறாரோ இல்லையோ, நன்கொடைக் கடிதம் வந்துவிடும். கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, கால்பந்துக் குழுவுக்கு ஜெர்சி, தீபாவளி அன்பளிப்புப் பை என்று வரிசை நீளும். பெயர்ப்பலகை பெரிதாக இருப்பதால் கல்லாவும் பெரிதாக இருக்கும் என்பது ஊரின் கணக்கு. ராயல்டி, வாடகை, சம்பளம், சரக்கு எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும். கேட்டவருக்கெல்லாம் 50 வெள்ளி, 100 வெள்ளி என்று கொடுத்துவிட்டு ஆண்டுக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் தொகை கையைக் கடிக்கும். அந்தப் பணத்தால் ஊரில் என்ன மாறியது என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது.

சிறிய கிளை நடத்துபவரிடம் பணம் குறைவாக இருக்கலாம். ஆனால் ஊரில் மற்றவர்களிடம் எளிதில் கிடைக்காத சில பொருள்கள் அவரிடம் உண்டு: எழுதி வைத்த செயல்முறை, தினமும் நடக்கும் பயிற்சி, சுத்தமான சமையலறை, குளிர்பதனப் பெட்டி, வேலை கொடுக்கும் அதிகாரம். சமூகப் பணியை இவற்றிலிருந்து தொடங்குவதுதான் இந்த அத்தியாயத்தின் வழி.

குளுவாங் இதற்குப் புதிய ஊரும் அல்ல. இங்கே ரயில் நிலையத்தில் 1938-இல் தொடங்கிய காப்பிக் கடை இன்றும் ஊரின் அடையாளமாக நிற்கிறது. ஜொகூர் மாநிலம் உள்ளூர்ப் பிரான்சைஸ் ஒன்றையும் பெற்றெடுத்திருக்கிறது: லாரன்ஸ் லியூ, நான்சி லியூ தம்பதி 1981-இல் ஜொகூர் பாருவில் தொடங்கிய மேரிபிரவுன் துரித உணவுக் கடை, பிறகு சென்னை வரை கிளை பரப்பியது. ஊரோடு ஒட்டிய கடை எப்படி நிலைக்கும் என்பதை இந்த வட்டாரத்துக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் தடுமாற்றம்.

முதலில் ஒப்பந்தத்தைப் புரட்டுங்கள்

நல்ல காரியம்தானே, யாரிடம் கேட்க வேண்டும் என்று இறங்குபவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். பிராண்டின் பெயரும் சின்னமும் கிளை நடத்துபவரின் சொத்து அல்ல. மலேசியாவில் பிரான்சைஸ் உறவை ஆள்வது 1998-ஆம் ஆண்டு பிரான்சைஸ் சட்டம். 2020-இல் திருத்தப்பட்ட அதன் புதிய விதிகள் 2022 ஏப்ரல் 28 முதல் நடப்பில் உள்ளன.

1. ஒப்பந்தத்தில் சின்னத்தைப் பயன்படுத்துவது பற்றிய பகுதியைத் தேடுங்கள். பதாகை, டி-சட்டை, சமூக ஊடகப் பதிவு ஆகியவற்றுக்கு முன் அனுமதி வேண்டுமா என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வேண்டும்.

2. விளம்பர நிதியைத் தொடாதீர்கள். கிளைகளிடம் விளம்பரத்துக்கென்று பணம் வாங்கினால், உரிமை தருபவர் அதைத் தனி நிதியாக வைத்து விளம்பரத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்கிறது சட்டம். ‘அந்தப் பணத்திலிருந்து பள்ளிக்குக் கொடுங்கள்’ என்று தலைமையகத்தைக் கேட்பது வீண் வேலை.

3. செயல்முறைக் கையேட்டின் பக்கங்களை வெளியாருக்குக் காட்டாதீர்கள். கிளை நடத்துபவர் இரகசியம் காப்பதாக எழுத்தில் உறுதி கொடுத்தவர். சுகாதாரம், வாடிக்கையாளர் உபசரிப்பு, கல்லாக் கணக்கு போன்ற பொதுத் திறன்களைச் சொல்லிக் கொடுக்கலாம். சமையல் குறிப்பையும் சரக்குப் பட்டியலையும் கொடுக்கக் கூடாது.

4. செய்யப் போவதை ஒரே பக்கத்தில் எழுதித் தலைமையகத்துக்கு அனுப்புங்கள்: என்ன, எங்கே, எவ்வளவு காலம், யார் பொறுப்பு. தொலைபேசியில் கிடைத்த ‘சரி’ போதாது. எழுத்தில் வாங்குங்கள்.

*குறிப்பு:* இன்னும் கையெழுத்துப் போடாதவருக்கு நல்ல வாய்ப்பு உண்டு. வெளிப்படுத்தல் ஆவணமும் ஒப்பந்த நகலும் கையெழுத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே கைக்கு வர வேண்டும். அந்த இடைவெளியில் சமூகப் பணிக்கான இடத்தைக் கேட்டுப் பெறுவது, பிறகு கெஞ்சுவதைவிடச் சுலபம்.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்

1974-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் நடந்தது இதற்கு நல்ல பாடம். அந்நகரின் ஈகிள்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடிய ஃபிரெட் ஹில்லின் மகளுக்கு இரத்தப் புற்றுநோய். பிள்ளைக்குச் சிகிச்சை நடக்கும்போது பெற்றோர் மருத்துவமனை நாற்காலியில் தூங்குவதைக் கண்டவர்கள் பலர். குடும்பங்கள் தங்க ஒரு வீடு வேண்டும் என்றார் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் டாக்டர் ஆட்ரி எவன்ஸ். ஈகிள்ஸ் நிர்வாகி ஜிம் மரே அந்த வட்டார மெக்டொனால்ட்ஸ் கடைகளை அணுகினார். பச்சை நிற ஷாம்ராக் பால் பானத்தின் விற்பனைப் பணம் அந்த வீட்டுக்குப் போனது. 1974 அக்டோபர் 15-இல் முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் திறந்தது. இன்று அந்த அறநிறுவனம் 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. மலேசியாவிலும் பல்கலைக்கழக மருத்துவமனைகளை ஒட்டி அதன் இல்லங்கள் உண்டு.

ஒரு வட்டாரம், ஒரு பானம், ஒரு வீடு. இத்தனை சிறியதாகத் தொடங்கியதால்தான் முடிந்தது.

குளுவாங்கில் எதை எடுப்பது? மேசையில் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். இரண்டு வாரம் ஒதுக்கி மூன்று பேரைப் பாருங்கள்: ஒரு தலைமையாசிரியர், சமூகநல இலாகாவின் மாவட்ட அதிகாரி, உங்கள் கடையிலேயே நீண்ட நாள் வேலை பார்க்கும் ஊழியர். மூன்றாமவர் சொல்வதுதான் பெரும்பாலும் காரியத்துக்கு உதவும். ரெங்கம், லாயாங் லாயாங், பாலோ பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருபவருக்கு ஊரின் குறை நிறை தெரியும். படித்து முடித்த பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிவிடுவது, தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் வேலைப் பிரச்சினை, தனியாக இருக்கும் முதியவர்கள், வெள்ளம் என்று இந்த வட்டாரத்தில் காதில் விழக்கூடியவை ஏறக்குறைய இவைதான்.

கேட்டதில் எது உங்கள் கடையின் அன்றாட வேலையோடு ஒட்டுகிறதோ அதை எடுங்கள். டியூஷன் மையம் நடத்துபவர் உணவுப் பொட்டலம் கட்டப் போக வேண்டாம்.

வேலை கொடுப்பது: முதலிடம் பெற வேண்டியது

நன்கொடை ஒரு நாள். வேலை மாதாமாதம் குடும்பத்துக்குப் போய்ச் சேரும் பணம். ஆகவே எந்தக் கிளை உரிமையாளரும் முதலில் யோசிக்க வேண்டியது, யாருக்கு ஊரில் வேலை கிடைப்பதில்லை என்பதைத்தான்.

மலேசியாவிலேயே இதற்கு நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. செவித்திறன் குறைந்தவர்கள் நடத்தும் கேஎஃப்சி கடைகள் கோலாலம்பூரிலும் கூச்சிங்கிலும் பல ஆண்டுகளாகத் தெரிந்தவை. 2016-இல் கோலாலம்பூர் பங்சார் வில்லேஜ் 2-இல் ஸ்டார்பக்ஸ் திறந்த சைகைமொழிக் கடை, அந்த நிறுவனத்துக்கு உலகிலேயே முதலாவது. உரிமம் பெற்று இங்கே நடத்தும் உள்நாட்டு நிறுவனம், செவித்திறன் குறைந்தோருக்கான மொழிபெயர்ப்பாளர் சங்கத்தோடு சேர்ந்து செய்தது அது. வாடிக்கையாளர் பட்டியலில் எழுதியோ காட்டியோ பானம் கேட்கிறார். பெயரைக் கூவி அழைப்பதற்குப் பதில் எண் திரையில் தெரிகிறது. இரண்டு ஆண்டு கழித்து வாஷிங்டனில் திறந்த சைகைமொழிக் கடைக்கு மலேசியக் கடையே முன்மாதிரி. கிளை செய்ததைத் தலைமையகம் பின்பற்றியது என்பதைத் தலைமையகத்துக்கு எழுதும் ஒரு பக்கக் கடிதத்தில் தாராளமாகக் குறிப்பிடலாம்.

சென்னையில் சி.கே. குமரவேல், வீணா குமரவேல் தம்பதி 2000-இல் தொடங்கிய நேச்சுரல்ஸ் அழகு நிலையம் வேறு வழியில் போனது. அங்கே கிளையையே பெண்கள் கையில் கொடுப்பது வணிக முறையின் பகுதி. ஊழியராக வந்தவர் முதலாளியாகும் வழியைத் திறந்து வைப்பது பற்றி யோசிப்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

ஒருவரை எடுத்துத் தொடங்கும் முறை:

1. சமூகநல இலாகாவிலும் மைபியூச்சர்ஜோப்ஸ் வேலைவாய்ப்புத் தளத்திலும் வேலையைப் பதியுங்கள். மாற்றுத்திறனாளி என்றால் அதற்கான பதிவு அட்டை (ஓகேயு அட்டை) உண்டா என்று கேளுங்கள். வரிச் சலுகைக்கு அது தேவைப்படும்.

2. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதுங்கள். ‘சமையலறை உதவி’ என்றால் யாருக்கும் புரியாது. ‘காலை 9 மணிக்குத் தட்டுகளை அடுக்குதல், பிறகு காய்கறி கழுவுதல்’ என்றால் புரியும். படம் போட்டு ஒட்டினால் இன்னும் நல்லது.

3. ஆள் வருவதற்கு முன் மற்ற ஊழியர்களைத் தயார் செய்யுங்கள். செவித்திறன் குறைந்தவர் வருகிறார் என்றால் மலேசியச் சைகைமொழியில் நாற்பது ஐம்பது சொற்களாவது எல்லோரும் பழகட்டும். ‘சூடு’, ‘நில்’, ‘ஆபத்து’ முதலில்.

4. சம்பளத்தில் குறைக்காதீர்கள். மாதம் 1,700 வெள்ளி என்பது குறைந்தபட்சச் சம்பளம். 2025 ஆகஸ்டு முதல் சிறிய கடைகளுக்கும் அது பொருந்தும். இ.பி.எஃப். சேமநிதியும் சொக்சோ காப்புறுதிச் சந்தாவும் கட்டாயம்.

5. முதல் மூன்று மாதம் ஒரே துணையாளரை நியமியுங்கள். துணையாளர் அடிக்கடி மாறினால் புதியவர் வேலையை விட்டு நின்றுவிடுவார்.

பாதுகாப்பு: பொரிக்கும் எண்ணெய்ச் சட்டியின் மணியும் தீ எச்சரிக்கையும் ஒலியை மட்டும் நம்பியிருந்தால், காது கேளாதவரை அங்கே நிறுத்தாதீர்கள். மின்னும் விளக்கு பொருத்திய பிறகு நிறுத்துங்கள். செலவு பெரிதில்லை, மறப்பவர்கள்தான் நிறைய. பள்ளி மாணவரைப் பகுதிநேரமாக எடுப்பவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் வேலை நேரத்துக்கும் இரவு வேலைக்கும் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. 15 வயதுக்குக் கீழே என்றால் நிலைமை இன்னும் கடுமை.

மிஞ்சிய உணவு: நல்ல மனது போதாது

இரவு கடை மூடும்போது மிஞ்சிய ரொட்டியையும் கோழியையும் குப்பையில் போடும்போது யாருக்கும் மனசு கேட்காது. மலேசியாவில் 2020-ஆம் ஆண்டு உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு கொடுத்த உணவால் பின்னர் தீங்கு நேர்ந்தால் கொடுத்தவரை அது காக்கும். ஒரு நிபந்தனை: உங்கள் கையை விட்டுப் போகும்போது உணவு பாதுகாப்பாக இருந்திருக்க வேண்டும். அதை நிரூபிக்க ஏடு வேண்டும்.

1. தலைமையகம் மிஞ்சிய உணவைக் கொடுக்க அனுமதிக்கிறதா என்று கேளுங்கள். சில பிராண்டுகள் ஒரேயடியாகத் தடுக்கும். அப்படியானால் சமைக்காத பொருளோ ரொட்டியோ கொடுக்கலாமா என்று பேசிப் பாருங்கள்.

2. வாங்கிக்கொள்ளும் இல்லம் எது, எத்தனை பேர், யார் வந்து எடுப்பார் என்று முன்பே முடிவாகட்டும். ஹலால் தேவையையும் சைவத்தையும் விசாரியுங்கள்.

3. சூடான உணவு 60 பாகை செல்சியசுக்கு மேல், குளிர்ந்தது 5 பாகைக்குக் கீழ். இடைப்பட்ட வெப்பநிலைதான் கிருமி பெருகும் இடம். சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கும்படி கொடுங்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த சோறு என்றால் அந்த நேரத்தையும் நம்ப வேண்டாம்.

4. பொட்டலத்தில் சமைத்த நேரத்தை எழுதி ஒட்டுங்கள். எடுத்துச் சென்றவரின் கையெழுத்தை ஏட்டில் வாங்குங்கள்.

5. பொட்டலம் கட்டும் தொண்டர்களுக்கும் கடை ஊழியருக்குள்ள அதே விதி: உணவு கையாளும் பயிற்சி, டைபாய்டு தடுப்பூசி. ‘ஒரு நாள்தானே’ என்று விடுவது வேண்டாம்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட நினைக்கும் கோழிக்கடைக்காரருக்குத் தனியாக ஒரு சொல்: மோரும் பானகமும் கொடுங்கள், பந்தலின் முகப்பில் வறுத்த கோழிப் படத்தை மாட்டாதீர்கள். சொல்ல வேண்டியதே இல்லை என்று தோன்றும். ஆனால் பதாகை அச்சடிப்பவர் பழைய கோப்பிலிருந்து எடுத்து அனுப்பிவிடுவார்.

வெள்ள காலம்

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை அடுத்தடுத்து மூழ்கடித்த வெள்ளத்தையும், 2023 மார்ச்சில் வந்ததையும் இந்த வட்டாரம் மறக்கவில்லை. ஆகவே வானம் தெளிவாக இருக்கும் மாதத்திலேயே திட்டம் தயாராக வேண்டும்.

துயர்துடைப்பு மையங்களுக்கு நேரே வண்டியை ஓட்டிப் போய்ச் சாப்பாட்டை இறக்குவது வழக்கமாகிவிட்டது. முதல் நாள் ஒரே மையத்தில் பிரியாணி மலை, ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை. இதைத் தவிர்க்க வழி ஒன்றுதான்: சமூகநல இலாகாவையோ பொதுத் தற்காப்புப் படையையோ முன்கூட்டியே தொடர்புகொண்டு, எந்த நாளில் எத்தனை பேருக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாளை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு நான்காம் நாளுக்குப் பெயர் கொடுப்பவர் உண்மையில் உதவுகிறார்.

தண்ணீர் வடிந்த பிறகு கூட்டம் கலைந்துவிடும். உணவுக் கடைக்காரர் களம் இறங்க வேண்டிய நேரம் அதுதான். எண்ணெய்ப் பிசுக்கையும் வடிகாலையும் தினமும் கழுவிப் பழகிய ஊழியர்கள் நான்கு பேர், ஒரு வீட்டை வீட்டுக்காரரைவிட விரைவாகத் துப்புரவாக்குவார்கள்.

- ரப்பர் காலணி, கையுறை இல்லாமல் சேற்றில் இறங்கக் கூடாது. எலிக் காய்ச்சல் வெட்டுக்காயம் வழியாக நுழையக்கூடும்.
- மின்தொடர்பு துண்டிக்கப்பட்டதை உறுதி செய்த பிறகே வீட்டுக்குள் காலை வையுங்கள்.
- குளோரின் வெளுப்பானையும் கழிப்பறை அமிலத்தையும் கலக்காதீர்கள். எழும் வாயு நுரையீரலைத் தாக்கும்.
- ஜெனரேட்டரை வீட்டுக்குள் இயக்க வேண்டாம். மணமில்லாத நச்சுப்புகை ஆளைச் சாய்த்துவிடும்.
- ஊழியர் வேலை நாளில் வந்தால் அது வேலை. சம்பளம் உண்டு. விடுமுறை நாளில் வருவது அவரவர் விருப்பம், வராதவரின் பெயரைக் குறித்து வைக்காதீர்கள்.

பள்ளியோடு வேலை செய்வது

குளுவாங் ஜாலான் ஹாஜி மனான் தமிழ்ப்பள்ளி ஆகட்டும், தோட்டப் பெயரைத் தாங்கிய மற்றப் பள்ளிகள் ஆகட்டும், வாசலில் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது. தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கம், தேவைப்பட்டால் மாவட்டக் கல்வி இலாகா என்று வரிசைப்படி கடிதம் கொடுங்கள்.

பொட்டலக் கோழியைப் பள்ளிக்குக் கொண்டுபோவதைவிட, உங்கள் கைத்திறனைக் கொண்டுபோங்கள். கைகழுவும் முறை, சிற்றுண்டிச்சாலையின் குளிர்பதனப் பெட்டியை அடுக்கும் விதம், இடைநிலைப்பள்ளி என்றால் மேல்படிவ மாணவர்களுக்கு நேர்முகத் தேர்வுப் பயிற்சி ஆகியவை கிளை மேலாளருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, ஒரே தரத்தை எங்கும் திரும்பத் திரும்பத் தரும் மெக்டொனால்ட்ஸ் முறையைக் கண் சிகிச்சைக்குக் கொண்டுவர முடியாதா என்று கேட்டவர். பர்கர் கடையிடமிருந்து ஒரு மருத்துவர் கற்றுக்கொண்டது செயல்முறையை. அதே செயல்முறை உங்களிடமும் இருக்கிறது.

பிள்ளைகளோடு இருக்கும்போது எப்போதும் இரண்டு பெரியவர்கள். தனியறையில் ஒருவரோடு ஒருவர் வேண்டாம். பெற்றோரின் எழுத்து அனுமதி இல்லாமல் முகம் தெரியும் படம் கூடாது. தவணை நடுவில் நிறுத்துவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

ஆளுயர அட்டைக் காசோலையோடு படம் எடுப்பது. அட்டை அச்சடிக்கும் செலவு சில வேளை ஒரு மாணவரின் புத்தகச் செலவுக்குச் சமம்.

உதவி வாங்குபவரின் முகத்தை முகநூலில் போடுவது. ஊர் சிறியது. மறுநாள் அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும்.

கடை வாசலில் தகர டப்பா வைத்துத் தெருவில் வசூல் செய்வது. தெருவிலும் வீடுவீடாகவும் பணம் திரட்ட 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறையின் அனுமதி வேண்டும். பதிவு பெற்ற அறநிறுவனத்தின் உண்டியலை, அதன் எழுத்து ஒப்புதலோடு கல்லா அருகே வைப்பதே சரி.

அரசியல்வாதியின் தேதிக்காக நிகழ்ச்சியைத் தள்ளிப் போடுவது. இதற்கு விளக்கம் தேவையில்லை.

எல்லா வேலையையும் ஒரே மேலாளர் தலையில் கட்டுவது. அவர் வேறு கடைக்குப் போகும் நாளில் தொண்டும் அவரோடு போய்விடும். தொலைபேசி எண்கள், கடித நகல், ஏடு எல்லாம் கடைக் கோப்பில் இருக்கட்டும்.

பணமும் கணக்கும்

ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு தொகையை ஒதுக்குங்கள், தீர்ந்ததும் நிறுத்துங்கள். கடிதம் கொண்டுவருபவரிடம் ‘இந்த ஆண்டு நாங்கள் இந்த ஒரு வேலையை எடுத்திருக்கிறோம்’ என்று சொல்வது கௌரவமான மறுப்பு.

வருமான வரி விலக்கு வேண்டுமானால், அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்த பணத்துக்கு அதன் அதிகாரபூர்வ ரசீது வேண்டும். நிறுவனங்களுக்கு மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு என்ற வரம்பு உண்டு. மாற்றுத்திறனாளி ஊழியரின் சம்பளத்தை இரண்டு மடங்காகக் கழித்துக்கொள்ள விதி இருக்கிறது. இதைப் பயன்படுத்தாமல் விடும் சிறு கடைகள் உண்டு. கணக்காளரிடம் டிசம்பரில் அல்ல, ஜனவரியிலேயே கேளுங்கள்.

ஏட்டில் மூன்று எண்கள் போதும்: ஆறு மாதம் தாண்டி நிலைத்த ஊழியர் எத்தனை பேர், பாதுகாப்பாகக் கைமாறிய உணவு எத்தனை பொட்டலம், சொன்ன நாளில் நடந்த வகுப்புகள் எத்தனை. கைதட்டலுக்கும் முகநூல் விருப்பங்களுக்கும் அதில் இடமில்லை.

பிரான்சைஸ் ஒப்பந்தத்தின் காலம் சட்டப்படி ஐந்தாண்டுக்குக் குறையக் கூடாது. ஆகவே ஐந்தாண்டு ஏடு உங்களிடம் சேரும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மேசைக்கு அதை எடுத்துச் செல்லுங்கள். குளுவாங்கில் நீங்கள் செய்து பார்த்ததை மற்றக் கிளைகளும் செய்யும்படி தலைமையகம் கையேட்டில் சேர்க்கட்டும் என்று அங்கே எழுத்தில் கேளுங்கள்.